ராஜா திரும்பி வந்த கட்டம்

மாடிப்படி ஏறி இறங்குவது முழங்காலுக்கு நல்லது என்று எங்கள் டாக்டரம்மா சொல்வார். அதனால்தான் தினமும் ஏறி இறங்கினேன். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் சார். நான் அடுத்த வீட்டுக் கதை கேட்கத்தான் படியேறினேன் என்று எங்கள் கட்டடத்தில் நாலு பேர் சொல்வார்கள். அந்த நாலு பேருக்கும் கதை எங்கிருந்து கிடைத்தது என்று அவர்களையே கேளுங்கள். ஒருத்தர் வாயும் திறக்காது.

மூன்று அடுக்குக் கட்டடம். மேல் அடுக்கில் கடிகாரக்காரர். கடையை மூடி வருஷங்கள் ஆகியும் கண்ணில் லென்ஸ் வைத்த பழக்கத்தில் எதையும் ஒரு கண்ணை இடுக்கியேதான் பார்ப்பார். மனைவி இல்லை. மகன் வெளிநாட்டில்; ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் செய்வான். கீழ் அடுக்கில் அவருடைய தம்பி அச்சகக்காரரும் தம்பி மனைவியும். நடு அடுக்கில் நான். 'நடுவீட்டக்கா' என்றால் தெருவுக்கே தெரியும். என் பெயர் கேட்டால் தெரியாது.

அண்ணனும் தம்பியும் பதினொரு வருஷமாகப் பேசுவதில்லை. சொத்துத் தகராறு என்று நினைப்பீர்கள். அதெல்லாம் இல்லை, ஒரு குதிரை. செஸ் பலகையில் இருக்கிற குதிரை. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது அந்த ஆட்டத்தின் விதி. காய் கோணலாக நிற்கிறது, நேராக்க வேண்டுமென்றால் 'சரிபண்றேன்' என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஒரு மத்தியானம் அண்ணன் குதிரையைத் தொட்டார். சொல்லிவிட்டுத்தான் தொட்டேன் என்றார் அவர். சொல்லவே இல்லை என்றார் தம்பி. குரல் ஏறியது, பலகை கவிழ்ந்தது. தம்பி படியிறங்கியவர்தான், அப்புறம் ஏறவில்லை.

ஆனால் ஆட்டத்தை விட முடியவில்லை. அதுதான் வேடிக்கை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நகர்த்தலைத் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பி ஆடலாம் என்று முடிவு செய்தார்கள். சீட்டில் யாரும் காயைத் தொட்டேன், தொடவில்லை என்று சண்டை போட முடியாது இல்லையா. காலை எட்டு மணிக்கு அண்ணனுடைய சீட்டு கீழே போகும். மாலை ஐந்து மணிக்குத் தம்பியின் சீட்டு மேலே வரும். ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு நகர்த்தல். போனில் அனுப்பலாமே என்பீர்கள். நானும் கேட்டேன். போனில் அனுப்பினால் பேசினதாக ஆகிவிடுமாம்.

சீட்டைக் கொண்டுபோனது நான். பதினொரு வருஷம், காய்ச்சல் வந்தபோதுகூட. அண்ணன் மெதுவாக நடப்பவர் என்பதால் அவர் வீட்டுச் சாவி ஒன்று என்னிடமே இருந்தது. சீட்டைப் படியில் நின்று பிரித்துப் பார்ப்பேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு எழுத்தையும் திருத்தியதில்லை. வீட்டில் ஒரு அட்டைப் பலகை வாங்கி வைத்திருந்தேன். அதில் ஒரு சிப்பாய் தொலைந்துபோய், அந்த இடத்தில் சட்டைப் பொத்தான் நின்றது. இரண்டு பேரின் நகர்த்தலையும் அதில் ஆடிப் பார்ப்பேன். ஆடத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். காய் எப்படி எப்படிப் போகும் என்பது சீட்டைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

ஒரு ஆட்டம் முடிந்தால் இரண்டு பேரும் ஒரு மாதம் சீட்டு எழுத மாட்டார்கள். அந்த மாதங்களில் நான் போய்க் கதவைத் தட்டினால், "என்ன விஷயம்?" என்று கேட்பார்கள். சும்மாதான் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். அது போகட்டும்.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

எட்டு மணிக்குப் போனபோது கடிகாரக்காரர் தரையில் கிடந்தார். ஜன்னலோரம் பலகை வைத்த சின்ன மேசை, அதன் காலடியில். கைத்தடி கட்டிலுக்கு அடியில் உருண்டிருந்தது. அன்றைய சீட்டை எழுதி மடித்துவிட்டு எழுந்தவர் கால் தடுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பு போய்விட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது. ஒரு கால் தன் போக்கில் வெளிப்பக்கம் திரும்பிக்கிடந்தது.

"அக்கா, தம்பிய கூப்பிடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு சொல்லுங்க" என்றார். என்னைவிடப் பத்து வயது பெரியவர், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"இதோ போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். அவர் கையிலிருந்த சீட்டையும் எடுத்துக்கொண்டேன். சொல்ல வேண்டும் என்றுதான் இறங்கினேன் சார். இதில் சந்தேகமே வேண்டாம்.

கதவைத் திறந்தது தம்பி மனைவி. "வாங்கக்கா, தபால் ஆபீஸ் திறந்தாச்சா?" என்று வழக்கமான கேலி. "இவரு ராத்திரி பூரா பொரண்டு பொரண்டு படுத்தாரு. இவரு குதிரைய அண்ணன் அடிச்சுட்டாராம். என் சமையல்ல உப்பு இல்லன்னாகூட இவ்ளோ வருத்தப்பட்டது கிடையாது."

அச்சகக்காரர் உள்ளேயிருந்து சிரித்தார். அவர் சிரிப்பதை நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. "இந்த தடவ அண்ணன் என்னை விடமாட்டார்க்கா. நாலு நாளோ அஞ்சு நாளோ, அவ்ளோதான். ஆட்டம் முடிஞ்சதும் நானே மேல போகப்போறேன். போதும், வயசாயிடுச்சு. கையக் குடுத்துட்டு, இனிமே எதிர் எதிர்ல உக்காந்தே ஆடலாம்னு இருக்கேன்."

"அப்போ அக்காவுக்கு வேலை போச்சு" என்றார் தம்பி மனைவி.

நானும் சிரித்தேன். சீட்டைக் கொடுத்தேன். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படியேறினேன். இரண்டாவது திருப்பத்தில்தான் விழுந்த செய்தியைச் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. திரும்பி இறங்கியிருக்கலாம். பதினான்கு படிகள்தான்.

மேலே அவர் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தார். "வரானா?"

"ஆட்டம் முடிஞ்சப்புறம்தான் மேல வருவாராம்" என்றேன்.

அச்சகக்காரரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், அவர் அப்படிச் சொன்னாரா இல்லையா என்று. ஒரு வார்த்தை கூட்டவில்லை. கடிகாரக்காரர், "கீழ விழுந்தது சொன்னீங்களா?" என்று கேட்டார். நான் அவர் தலைக்கு ஒரு தலையணையை வைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நான் அவரை அம்போ என்று விட்டுவிட்டேன் என்று பேசிக்கொள்கிறார்களாம். போர்வை போர்த்தினேன். ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தேன். அவர் போனில் சார்ஜ் இறங்கியிருந்தது, அதைக்கூடச் சமையலறையில் செருகி வைத்தேன். அவர் கிடந்த இடத்திலிருந்து அது எட்டாது என்பது அப்போது தோன்றவில்லை. அவ்வப்போது சத்தம் போட்டுக் கூப்பிட்டார். தனியாகக் கிடப்பவருக்குப் பேச்சுத் துணையாக இருக்கட்டும் என்று ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்துவிட்டுப் போனேன். கதவையும் பூட்டினேன். திறந்த வீட்டில் யாராவது நுழைந்துவிட்டால்?

மாலை ஐந்து மணிக்குத் தம்பியின் சீட்டு வந்தது. கடிகாரக்காரர் பார்க்கட்டும் என்று பலகையைத் தரையில் இறக்கி அவர் முகத்துக்கு நேராக வைத்தேன். செவ்வாய்க்கிழமை காலை அவரே நகர்த்தலைச் சொன்னார், நான் பென்சிலைக் கொடுத்தேன், அவரே எழுதினார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. படியில் நின்று பார்த்தபோது அதைக் கீழே கொடுக்கலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். அதைப் பார்த்ததும் கீழே இருப்பவர்கள் ஏதாவது கேட்பார்கள். என் அடுப்படியில் உட்கார்ந்து அதே நகர்த்தலை வேறு காகிதத்தில் நல்ல எழுத்தில் எழுதினேன். அவர் எழுத்து அச்சு மாதிரி இருக்கும், பதினொரு வருஷமாகப் பார்த்த எழுத்து. திருத்தவில்லை சார், அவர் எழுதியதைத்தான் எழுதினேன்.

அன்று மாலை அவருக்குச் சுரம் வந்துவிட்டது. பேச்சு நின்று நின்று வந்தது. "அக்கா, நான் அன்னிக்கு சொன்னேன். 'சரிபண்றேன்'னு சொல்லிட்டுதான் அந்தக் குதிரைய தொட்டேன். அவன் காதுல விழல."

"சொன்னீங்க" என்றேன். "நான் வாசல்லதான் நின்னுட்டிருந்தேன். எனக்கு நல்லா கேட்டுச்சு."

அவர் வழக்கம்போல ஒரு கண்ணை இடுக்கி என்னைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். என்னை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை, நானாகப் போய்ச் சொல்வது மரியாதை இல்லை என்று விளக்கினேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. நானாகக் கொடுத்தால் உதட்டைத் திறக்கவில்லை.

புதன்கிழமை காலை ஒன்றே ஒன்று கேட்டார். பென்சில். எழுதி, நாலாக மடித்துக் கொடுத்தார். நான் படியில் பிரித்தேன்.

"ஆட்டத்தைக் கொடுத்துட்டேன். நீ ஜெயிச்சுட்டே. மேல வா."

அன்றைய நிலைமையை நீங்கள் பலகையில் பார்க்க வேண்டும். அண்ணனுக்கு ஒரு குதிரை கூடுதல். ஒரு சிப்பாய் மூன்று கட்டம் போனால் ராணியாகிவிடும். அப்படிப்பட்ட ஆட்டத்தை யாராவது கொடுப்பார்களா? வலியில், சுரத்தில், புத்தி தடுமாறி எழுதியது. இதைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவருக்குச் செய்யும் துரோகம் என்று பட்டது. அவர் இடத்தில் நான் ஆடினேன். பெரிதாக எதுவும் செய்யவில்லை. யாரையும் அடிக்காத, எதையும் முடிக்காத ஒரு நகர்த்தல். கோட்டை கட்டினேன். ராஜாவும் யானையும் அவரவர் இடத்தில் இருந்து, நடுவில் காலியாக இருந்தால், ராஜாவை ஓரமாகக் கொண்டுபோய் யானையைக் காவலுக்கு நிறுத்தலாம். என் அட்டைப் பலகையில் பார்த்தேன். ராஜா இடத்தில் இருந்தது. யானை இடத்தில் இருந்தது. நடுவில் காலி. எழுதிக் கொண்டுபோனேன்.

அச்சகக்காரர் சீட்டைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். மறுபடியும் சீட்டைப் பார்த்தார்.

"இது அண்ணன் குடுத்ததா?"

"அவர் வீட்டுலேருந்துதான் வரேன்" என்றேன்.

பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் கேட்டார்: "எப்படி இருக்காரு?"

"படுத்திருக்காரு."

இரண்டும் உண்மைதான், பாருங்கள்.

அன்று ஐந்து மணிக்குப் போனபோது சீட்டு இல்லை. எல்லா நகர்த்தலையும் தேதி போட்டு எழுதி வைக்கிற நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். "நாளைக்குப் பார்க்கலாம்க்கா" என்றார், தலை நிமிராமல். தம்பி மனைவி கேலி எதுவும் செய்யவில்லை. வீட்டுக்குப் போய் அட்டைப் பலகை முன்னால் உட்கார்ந்தேன். எங்கே பிசகியது என்று ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். ராஜா இடத்தில். யானை இடத்தில். நடுவில் காலி. தப்பே தெரியவில்லை.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு முன்பே மேலே போனேன். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கடிகாரக்காரரின் விரல்கள் சில்லென்று இருந்தன. பென்சில் அந்த விரல்களுக்கு நடுவில் இருந்தது, நான்தான் எடுத்தேன். அன்றைய சீட்டை எழுத வேண்டும் இல்லையா. சிப்பாயை ஒரு கட்டம் முன்னால் தள்ளலாம் என்று எழுதி மடித்தேன்.

அப்போது படியில் காலடிச் சத்தம். அந்தக் கட்டடத்தில் யார் எப்படி ஏறுவார்கள் என்று எனக்குத் தெரியும். இந்தக் காலடியை நடு அடுக்குக்கு மேலே நான் பதினொரு வருஷமாகக் கேட்டதில்லை. ஒரு படிக்கு ஒரு மூச்சு விட்டு விட்டு வந்தது. வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

அச்சகக்காரர் கையில் அந்த நோட்டு. "இந்த ஆட்டத்துல எட்டாவது நாள் நான் செக் குடுத்தேன்க்கா. அண்ணன் ராஜாவ ஒரு கட்டம் தள்ளினார். பதினோராவது நாள் திரும்ப பழைய இடத்துக்கே கொண்டுவந்துட்டார். ஒரு தடவ நகர்ந்த ராஜா திரும்பி வந்து அங்கேயே உக்காந்தாலும் கோட்டை கட்டக்கூடாது. ஆறு வயசுல எனக்குச் சொல்லிக்குடுத்ததே அவர்தான். அவருக்கு மறதி வந்துடுச்சோன்னு நேத்துலேருந்து கையும் ஓடல காலும் ஓடல. நகருங்க."

அந்த இரண்டு சீட்டையும் கொண்டுபோனவள் நான்தான். போனதும் வந்ததும் என் பலகையிலும் நடந்தது. ஆனால் ராஜா தன் கட்டத்துக்குத் திரும்பிய பிறகு, போகவே போகாத ராஜா மாதிரிதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. பலகையைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும் சார், யாருக்கும்.

நான் நகரவில்லை. கையிலிருந்த சீட்டை நீட்டினேன். "இன்னும் ஆட்டம் முடியலியே" என்றேன்.

அவர் என்னை இடித்துக்கொண்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

புதன்கிழமை மாலை கொண்டுவந்திருந்தால்கூடப் பிழைத்திருப்பார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். புதன்கிழமை மாலை அச்சகக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வீம்பில் ஒரு ராத்திரியை ஓட்டினார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், எல்லாப் பாரத்தையும் என் தலையிலேயே வைப்பது நியாயம் இல்லை.

தெரிந்துதான் செய்தாயா என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். தெரிந்துதான் செய்தேன். அவர் எழுந்திருக்க மாட்டார் என்று திங்கட்கிழமையே தெரியும். கீழே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பதும் தெரியும். மூன்று நாள், தினமும் இரண்டு தடவை அந்தக் கதவு முன்னால் நின்றேன். சொல்லவில்லை.

இதோ, அவருடைய கடைசிச் சீட்டு, நாலாக மடித்தது. இத்தனை நாள் என் ரவிக்கைக்குள் இருந்தது, பென்சில் கொஞ்சம் கலைந்திருக்கிறது. பதினொரு வருஷத்தில் நான் சேர்க்காமல் விட்டது இது ஒன்றுதான். தயவுசெய்து இதை அச்சகக்காரரிடம் காட்டாதீர்கள். அண்ணன் தோற்றுப்போய்விட்டார் என்று அவர் நினைத்துக்கொள்வார். கடைசிவரைக்கும் அந்த மனிதரை நான் தோற்க விடவில்லை.