சக்களத்தன்

ஐயோ, கூப்பிடாதீங்க மாஸ்டர், அவளை மட்டும் கூப்பிட்டுறாதீங்க. அவங்க என் வீட்டுக்காரம்மாதாங்க. நிஜமாத்தான் சொல்றேன். அந்த ரெண்டாவது லேன்ல நீலத் தொப்பி போட்டுக்கிட்டுப் போறாங்களே, அவங்கதான். நம்பலைன்னா இந்த போட்டோவைப் பாருங்க. எங்க பொண்ணு கல்யாணத்துல எடுத்தது. பக்கத்துல விறைப்பா நிக்கிறது நான்தான். அப்ப மீசை இருந்துச்சு.

பார்த்தீங்கல்ல? நான் ஒண்ணும் பொம்பளைங்க நீந்துறதை வேடிக்கை பார்க்க வந்த ஆளு இல்ல. நீங்க வந்து கேட்டதுல தப்பும் இல்ல. ஒருத்தன் ஒரு வாரமா மேல் வரிசையில, தூணுக்குப் பின்னால, சட்டை பேன்ட்டோட உக்காந்து குளத்தையே பார்த்துட்டு இருந்தா நானும் வந்து யாருடா நீன்னுதான் கேப்பேன். கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க மாஸ்டர். அங்க நின்னா அவ கண்ணுல பட்டுருவோம்.

கட்டின பொண்டாட்டியைப் பார்க்க எதுக்கு ஒளியணும்னு கேக்குறீங்க. நியாயமான கேள்வி. அதுக்குக் கொஞ்சம் கதை சொல்லணும். உங்க அடுத்த வகுப்புக்கு இன்னும் நேரம் இருக்குல்ல? அப்ப உக்காருங்க.

நான் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நடுவுல நின்னுபோய் உள்ள ஆள் மாட்டிக்கிச்சுன்னா, நாங்க கதவுக்கு வெளிய நின்னு பேசிக்கிட்டே இருக்கணும். உள்ள இருக்கிறவங்க பயந்துறக்கூடாது பாருங்க. அப்படிப் பேசிப் பேசியே இந்த வாய் இப்படி ஆயிருச்சு. உங்க வாயை மூடணும்னா மெயின் சுவிட்சைத்தான் அணைக்கணும்னு டீச்சர் சொல்லுவா. டீச்சர்ங்கிறது அவதான். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறா. ஊரே டீச்சர்னு கூப்பிடுது, நானும் அப்படியே பழகிட்டேன்.

வாத்தியார் வேலைன்னா பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிறதுதான்னு வெளிய இருக்கிறவங்க நினைக்கிறாங்க. அது பாதிகூட இல்லீங்க. பாடத்திட்டம் எழுதணும். வருகைப் பதிவுக்கு சதவீதம் போடணும். வராத பிள்ளை வீட்டுக்கு ஒரு கடிதம், வந்தும் படிக்காத பிள்ளை வீட்டுக்கு இன்னொரு கடிதம். ஒரு டீச்சர் லீவு போட்டா அந்த வகுப்புக்கு யாரு போறதுன்னு ஒரு அட்டவணை. பரீட்சை முடிஞ்சா மார்க் ஏத்தணும், ஒவ்வொரு பிள்ளைக்கும் ரெண்டு வரி குறிப்பு எழுதணும். இவ்வளவும் வீட்டுக்கு வந்துதான் நடக்கும். எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில நாங்க சாப்பிட்டதை விட பேப்பர் பரப்பினதுதான் அதிகம்.

ஆனா மாஸ்டர், எனக்கு அந்த மேசை பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். நான் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எதிர்ல உக்காந்து மார்க்கைப் படிப்பேன், அவ ஏத்துவா. குறிப்பு எழுதுற நேரம் வந்தா நான் எடுத்துக் குடுப்பேன். இவனுக்கு வாய் எட்டூருக்கு நீளம்னு எழுதுன்னுவேன். அவ சிரிச்சுக்கிட்டே, வகுப்பில் ஆர்வமாகக் கலந்துகொள்கிறான்னு எழுதுவா. எந்தப் பிள்ளை எப்படி, எந்தப் பிள்ளை வீட்டுல என்ன பிரச்சனை, எல்லாம் என்கிட்ட சொல்லுவா. ஊர்ல புருஷன் பொண்டாட்டி டிவி முன்னால உக்காந்து ஆளுக்கொரு மூலையில தூங்கிட்டு இருக்கிறப்ப, நாங்க பேசிட்டு இருந்தோம். எனக்கு அது பெருமைங்க.

அப்பதான் அவன் வந்தான்.

இல்லல்ல, ஆள் இல்ல. ஆளா இருந்தா சட்டையைப் பிடிச்சிருப்பேனே! ஏஐன்னு சொல்றாங்களே, கம்ப்யூட்டர்ல, எது கேட்டாலும் எழுதிக் குடுக்குமே, அது. ஸ்கூல்ல எல்லா டீச்சருக்கும் குடுத்தாங்க. இவ முதல்ல வேண்டாம்னுதான் சொன்னா. அந்த சயின்ஸ் டீச்சர் இருக்காங்களே, புண்ணியவதி, அவங்கதான் வீட்டுக்கே வந்து பக்கத்துல உக்காந்து பழக்கி விட்டுட்டுப் போனாங்க. நான் வேற அவங்களுக்குக் காபி போட்டுக் குடுத்தேன். சொந்தச் செலவுல சூனியம்!

முதல் நாள் நான் பார்த்துட்டே இருக்கேன். இவ சொல்றா: நாளைக்குப் பின்னம் எடுக்கணும், வகுப்புல பாதிப் பேருக்குப் பின்னம்னாலே வயித்தைக் கலக்குது, நாலஞ்சு பேர் மட்டும் ரொம்ப வேகம், ரெண்டு தரப்புக்கும் தோதா ஒரு பாடத்திட்டம் குடுன்னு. நான் எழுந்து போய்த் தண்ணி குடிச்சுட்டு வர்றதுக்குள்ள வந்து நிக்குது. இவ பார்த்துட்டு, இது சரியில்ல, என் பிள்ளைங்களுக்கு இது புரியாதுன்னா. உடனே அது மன்னிக்கணும்னு சொல்லி மாத்தி எழுதுது! கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் அவகிட்ட ஒரு தடவை மன்னிப்பு கேட்டிருப்பேனா? வந்து அரை மணி நேரம் ஆகல, அது கேட்டுருச்சு. இவளும் சும்மா இல்ல, நன்றின்னு போடுறா. மெஷினுக்கு எதுக்குடி நன்றின்னா, பழக்கம்ங்கிறா. என்கிட்ட மட்டும் அந்தப் பழக்கம் எங்க போச்சு?

சிரிக்காதீங்க மாஸ்டர். பொம்பளைங்களுக்கு இந்த மாதிரி நிலைமை வந்தா சக்களத்தின்னு ஒரு வார்த்தை இருக்கு. திட்டவாவது வழி இருக்கு. ஆம்பளைக்கு அப்படி ஒரு வார்த்தையே இல்ல, கவனிச்சீங்களா? அதனால நானே ஒண்ணு வச்சேன். சக்களத்தன். உன் சக்களத்தன் என்ன சொல்றான்னு கேட்பேன். என் புருஷனுக்குத்தான் அவன் சக்களத்தன், எனக்கு இல்லைன்னு கணக்கு டீச்சர் கணக்காத் திருத்துவா.

குறை கண்டுபிடிக்க நானும் அலைஞ்சேன். ஒரு நாள் மாட்டுச்சு. அது போட்டுக் குடுத்த பயிற்சித்தாள்ல ஒரு விடை தப்பு. எனக்கு லாட்டரி அடிச்ச மாதிரி இருந்துச்சு. பார்த்தியா உன் ஆளோட லட்சணத்தைன்னு குதிச்சேன். அவ நிமிரவே இல்ல. அது தப்பு பண்ணும், அதனாலதான் நான் ஒவ்வொரு வரியும் பார்க்கிறேன், எழுதுறதை அது பார்க்கட்டும், சரியான்னு நான் பார்க்கிறேன்னுட்டா. சப்புன்னு போச்சு. எனக்கு ஒரே ஒரு ஆறுதல்தான். பிள்ளைங்க பேரை அதுகிட்ட சொல்ல மாட்டா. ஒரு மாணவன், ஒரு மாணவின்னுதான் சொல்லுவா. பேரு எனக்கு மட்டும்தான் தெரியும். அவன் கெட்டிக்காரனா இருக்கலாம், ஆனா வெளியாள்தான்!

அந்த ஆறுதலும் நிலைக்கல. பரீட்சை முடிஞ்சது. மார்க் ஏத்துற நாள். நான் வேலையிலேர்ந்து சீக்கிரமே கிளம்பி வந்து, குளிச்சு, மேசையைத் துடைச்சு, கண்ணாடியையும் துடைச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்துட்டேன். இவ வந்து என்னங்க, யாராவது வர்றாங்களான்னு கேக்குறா. மார்க் படிக்கணுமேன்னேன். அதெல்லாம் ஸ்கூல்லயே முடிஞ்சுதுங்க, குறிப்பும் அதுவே எழுதிக் குடுத்துருச்சு, ஒரு தடவை படிச்சுத் திருத்தினேன் அவ்வளவுதான்னா. சாதாரணமாத்தான் சொன்னா. நான் அந்தக் கண்ணாடியைக் கழட்டவும் முடியாம, போட்டுக்கிட்டு இருக்கவும் முடியாம உக்காந்திருக்கேன், மாஸ்டர்.

அப்புறம் வாய் சும்மா இருக்குமா? இனிமே சாப்பாடும் அதுகிட்டயே கேளு, உடம்பு சரியில்லைன்னா மாத்திரையும் அதையே வாங்கிட்டு வரச் சொல்லுன்னு கத்திட்டேன். அவ அமைதியா எதிர்ல வந்து உக்காந்தா. நான் ஒண்ணு சொல்றேன், கோபப்படாம கேளுங்கன்னா. நீங்க ஒரு மார்க் படிப்பீங்க, நடுவுல ஒரு லிஃப்ட் கதை சொல்லுவீங்க, அப்புறம் எங்க விட்டோம்னு கேப்பீங்க. ஒரு வரி தாண்டிப் படிச்சுருவீங்க. மறுநாள் காலையில முதல் மணிக்கு முன்னாடி போய் எல்லாத்தையும் நான் திரும்பச் சரிபார்ப்பேன். தனியாச் செஞ்சா அந்த வேலை பாதி நேரத்துல முடியும்னா.

என்கிட்ட ஏன் சொல்லலைன்னேன். நீங்க அவ்வளவு ஆசையா வந்து உக்காருவீங்களேன்னா.

திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். இத்தனை வருஷமா நான் அவளுக்கு உதவி பண்றேன்னு நினைச்சுட்டு இருந்திருக்கேன். அவதான் எனக்கு உதவி பண்ணிட்டு இருந்திருக்கா. அது மட்டும் இல்ல, அதுக்கான நேரத்தை அவ தூக்கத்துலேர்ந்து எடுத்துக் குடுத்திருக்கா.

சரி, போனது போகட்டும், இனிமே சாயங்காலம் எல்லாம் நம்ம கணக்குன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். எங்க போகலாம், என்ன பண்ணலாம்னு யோசிச்சு வச்சிருந்தேன். ஒரு நாள் பையோட கிளம்பி நிக்கிறா. எங்கன்னேன். நீச்சலுக்குன்னா. இந்த வயசுலயா, உனக்கு நீந்தத் தெரியுமான்னு கேட்டேன். ஸ்கூல்ல படிக்கிறப்ப நான் நீச்சல் டீம்ல இருந்தேன், தெரியாதான்னா. எனக்கு எப்படித் தெரியும்? ஏன் சொன்னதே இல்லைன்னேன். நேரம் எங்க இருந்துச்சுன்னா.

பாருங்க மாஸ்டர், எங்க பொண்ணுக்கே கல்யாணம் ஆயிருச்சு. இப்ப வந்து அந்த மெஷின் நாலு பேப்பரை இந்தப் பக்கம் தள்ளி வச்சதும், அதுக்குக் கீழேர்ந்து எனக்குத் தெரியாத ஒருத்தி எழுந்து தொப்பியை மாட்டிக்கிட்டுக் கிளம்புறா. எனக்கு வயிறு எரியாதா? முதல்ல மெஷின் மேல எரிஞ்சுது, இப்ப தண்ணி மேலயே எரியுது. அதுக்குள்ள போனா அவ முகமே மாறிருது பாருங்க. அதோ, திரும்புறா. எப்படி உதைச்சுத் திரும்புறா பாருங்க. அப்படியா? இந்த வயசுக்காரங்கள்ல அவதான் நல்லா நீந்துறாளா? ம். கேக்க சந்தோஷமாத்தான் இருக்கு.

அது சரி, பக்கத்து லேன்ல அந்த மஞ்சத் தொப்பி யாரு? ரெண்டு பேரும் அடிக்கடி கம்பியைப் பிடிச்சுக்கிட்டுப் பேசிக்கிறாங்க. பல் டாக்டரா? அதான் அப்படி எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறாரு. கல்யாணம் ஆயிருச்சா? இல்ல, சும்மாதான் கேட்டேன். பேரன் பேத்தி இருக்கா? நல்லது. நல்லா இருக்கட்டும்.

அவ என்னையும் கூப்பிட்டா, மாஸ்டர். கூப்பிடலைன்னு சொன்னா நாக்கு அழுகிரும். ரெண்டு மூணு தடவை கூப்பிட்டா. ஈரத் தலையோட வந்து நின்னு, ஆழமான பக்கம் போய் முங்கிப் பார்த்தா வெளிச்சம் மேலேர்ந்து அப்படியே ஆடி ஆடி இறங்குதுங்க, அதை நீங்க பார்க்கணும்னா. மார்க்கு, லீவு, மின் கட்டணம் இல்லாம அவ எனக்குன்னு ஒண்ணைக் காட்டணும்னு ஆசைப்பட்டு ரொம்ப நாள் ஆச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? அந்தத் தண்ணியில போடுற மருந்து என் தோலுக்கு ஒத்துக்காதுன்னுட்டேன். முகம் வாடிருச்சு. சரின்னு போயிட்டா.

தோலுக்கு ஒண்ணும் இல்லீங்க. எனக்கு நீச்சல் தெரியாது. தெரியாதுங்கிறது கூடப் பெரிசில்ல. தண்ணி முழங்காலைத் தாண்டினா நெஞ்சு அடைச்சுரும், கை கால் என் பேச்சைக் கேக்காது. கடற்கரைக்குக் குடும்பத்தோட போனா, எல்லாரோட செருப்புக்கும் நான்தான் காவல். அவ என்னை ரொம்பப் பொறுப்பானவன்னு நினைச்சுட்டு இருக்கா.

இதை யார்கிட்டங்க போய்ச் சொல்றது? பொண்ணுகிட்ட சொன்னா அடுத்த நிமிஷம் அம்மா காதுக்குப் போயிரும். கூட வேலை பார்க்கிறவங்ககிட்ட சொன்னா காலம் பூரா சொல்லிக் காட்டுவாங்க. போன வாரம் டீச்சர் இங்க வந்திருந்தப்ப வீட்டுல கம்ப்யூட்டர் மேசை மேலயே இருந்துச்சு. ஒத்த விரலால தட்டித் தட்டி அந்தச் சக்களத்தன்கிட்டதான் கேட்டேன். பொண்டாட்டிக்குத் தெரியாம, தண்ணின்னா பயப்படுற ஒரு ஆளு, அறுபதை நெருங்குறப்ப, நீச்சல் கத்துக்க முடியுமான்னு. அது சிரிக்கல. முடியும்னுச்சு. முதல்ல கத்துக் குடுக்கிறவரை நேர்ல போய்ப் பாருங்க, பயத்தை மறைக்காம அவர்கிட்ட சொல்லிருங்க, மனைவிகிட்டயும் சொல்றது நல்லதுதான், ஆனா அது உங்க இஷ்டம்னுச்சு. அதான் தினம் வர்றேன், உங்களைப் பார்க்கிறேன், எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம திரும்பிப் போயிடுறேன்.

காலையில, அவ ஸ்கூலுக்குப் போனதுக்கு அப்புறம், ஆழமில்லாத பக்கமா ஒரு இடம் இருக்குமா மாஸ்டர்?