எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்

டீயில் இன்னொரு ஸ்பூன் சர்க்கரை போடச் சொல்லுங்கள், ஐயா. இத்தனை வருஷம் ஈஸ்ட்டோடு குப்பை கொட்டியவனுக்கு இனிப்பு இல்லாமல் பேச்சு வராது.

என் வேலை சாதுவானது. ஆய்வுக்கூடத்துக்காரர்கள் ஈஸ்ட்டிலிருந்து ஒரு மரபணுவை எடுத்துவிட்டு, அது என்ன பாடுபடுகிறது என்று பார்ப்பார்கள். சூடு தாங்கவில்லையா, வளர்ச்சி மெதுவாகிவிட்டதா, செத்தே போனதா என்று அவர்கள் எழுதுவதைச் சரிபார்த்துத் தரவுத்தளத்தில் ஏற்றுவேன். எடுத்துப் பார்க்காமல், 'இது இல்லாவிட்டால் அது பிழைக்காது' என்று எவன் சொன்னாலும் ஏற்றமாட்டேன். அதில் நான் கறார்.

வம்பு மச்சானால் வந்தது. மனைவியின் தம்பி. நாலு நாள் தங்க வந்தவன் சோபாவில் வேர்விட்டுவிட்டான். "ஏன் மாமா, புளிச்ச மாவுக்குக் குறை எழுதியா சம்பளம் வாங்கறீங்க?" என்று வருகிறவர் போகிறவர் முன்னால் கேட்பான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவனை அனுப்பிவிடலாமா என்று கேட்டதற்கு மனைவி சொன்னாள்: "அவன் இல்லேன்னா இந்த வீடே ஓடாதுங்க."

ஆதாரமே இல்லாத பேச்சு.  அவன் டீயில் தூக்கமாத்திரையைக் கரைத்துக் கொடுத்து, அவனை வீட்டிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

வீடு ஜம்மென்று ஓடியது. ரிமோட் கிடைத்தது. குளியலறை காலியாக இருந்தது. "பார்த்தியா, அவன் அவசியமே இல்லை" என்றேன். அவளோ, "அவன் எங்கங்க? போனும் எடுக்க மாட்டேங்கறான்" என்று அழுதாள்.

எங்கள் துறையில் இன்னொரு சங்கதி உண்டு. ஒரு மரபணுவை எடுத்தால் ஈஸ்ட் தாங்கும், கூடவே இன்னொன்றையும் எடுத்தால் செத்துவிடும். அதையும் பார்க்காமல் முடிவு எழுதுவது அரைகுறை வேலை. அவள் என்றால் எனக்கு உயிர், ஐயா. இருந்தாலும் சோதனை சோதனைதானே. அவளுக்கும் அதே டீதான், சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கலாகப் போட்டேன்.

என்னை ஈவிரக்கமற்றவன் என்று நினைக்காதீர்கள். இரண்டு பேரையும் ஆய்வுக்கூடத்தின் பெரிய உறைபெட்டியில், பெயர் ஒட்டி, பக்கத்துப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருக்கிறேன். எங்கள் ஈஸ்ட்டும் அங்கேதான் வருஷக்கணக்கில் உறைந்து கிடக்கும். வெளியே எடுத்துச் சூடு காட்டினால் எழுந்துவிடும்.

வீட்டைப் பார்த்துவிட்டு வந்த உங்கள் கான்ஸ்டபிள், "இழவு வீடு மாதிரி இருக்கு சார்" என்றார். அவருக்குப் பார்க்கத் தெரியவில்லை. அடுப்பு எரிகிறது, விளக்கு எரிகிறது, தினமும் மூன்று டம்ளரில் டீ ஊற்றுகிறேன். இரண்டு ஆறிப்போகிறது, அவ்வளவுதான். வீடு செத்துவிட்டது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. வளர்ச்சி மெதுவாக இருக்கிறது என்று எழுதுங்கள்.