மூன்று குமிழ் வோகோடர்

வீட்டிலேயே பாட்டு செய்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான், ஐயா: குமிழ் அதிகமுள்ள வோகோடரை வாங்காதீர்கள். திருகிப் பார்ப்பதிலேயே பாதி ஆயுள் போய்விடும். நான் வாங்கியதில் மூன்றே குமிழ்கள். மைக்கில் ஒருவர் பேச வேண்டும், கீபோர்டை ஒருவர் வாசிக்க வேண்டும். பேசியது வாசித்த சுரத்திலேயே பாட்டாக வந்துவிடும். பேச்சு நின்றால் எத்தனை கட்டையை அழுத்தினாலும் சத்தம் வராது.

கடையில் நான்கு கருவிகளைக் கேட்டுப் பார்த்தேன். மூன்றில் வார்த்தைகள் கொழகொழத்தன. கடைக்காரர் சலித்துப்போய், "சார், நீங்க பாட்டுக்கு வாங்குறீங்களா, கோர்ட்டுல சாட்சி சொல்ல வாங்குறீங்களா?" என்று கேட்டார். நானும் சிரித்தேன். வார்த்தை பிசிறில்லாமல் கேட்டதால்தான் நான்காவதை எடுத்தேன்.

பாடுவது என் தங்கை. நல்ல குரல், சுருதிதான் நிற்காது. எட்டு வருடமாக என் பாட்டுகளை அவள்தான் பாடினாள். துணி அலமாரியைக் காலி செய்து, உள்ளே நான்கு பக்கமும் பழைய மெத்தையை அடித்து, மைக்கையும் வைத்து, அவள் பாடுவதற்கென்றே ஓர் அறையாக்கியிருந்தேன். கதவு இடுக்கிலெல்லாம் பஞ்சு திணித்ததும் நான்தான். உள்ளே கத்தினாலும் வெளியே கேட்காது. வேலை என்றால் எனக்குச் சுத்தமாக இருக்க வேண்டும்.

அன்று மத்தியானம் அவள், "அண்ணா, நான் வேற குழுவுல சேந்துட்டேன். அடுத்த வாரம் கெளம்புறேன். இதான் நம்ம கடைசிப் பாட்டு" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கத்தியிருப்பேனே. அவள் உள்ளே போனதும் வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன், கொஞ்ச நேரம் யோசிக்கட்டும் என்றுதான். ஆஸ்துமாவுக்கு அவள் இழுக்கும் இன்ஹேலர் கைப்பையில் இருந்தது. கைப்பை என் மேஜைமேல், கீபோர்டுக்குப் பக்கத்தில்.

ஹெட்போனை மாட்டி வாசிக்கத் தொடங்கினேன். முதலில் சிரித்தாள். பிறகு திட்டினாள். பிறகு ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். எட்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் சுருதி விலகவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அழுதேன், ஐயா, அதை மறைக்கவில்லை.

நடுவில் சத்தம் நின்றுவிட்டது. கட்டைகளை இன்னும் அழுத்தினேன். ஒயரைக் கழற்றி மாட்டினேன். கருவியோடு வந்த கையேட்டை எடுத்து, சத்தம் வராவிட்டால் என்ன செய்வது என்ற பக்கத்தை முழுதாகப் படித்தேன். அதன் பிறகுதான் கதவைத் திறந்தேன்.

அம்மா என்னிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறாள்: "அவ கூப்பிட்டது உனக்குக் கேக்கலையாடா?" ராகமாகத்தான் கேட்டது, சொல் எதுவும் புரியவில்லை, கருவி அப்படி என்று சொன்னேன். அம்மா நம்பிவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் என்னை உட்காரவைத்திருக்கும் இந்த அறையின் மின்விசிறிகூட அந்த வரியையே சொல்லிக்கொண்டிருக்கிறது. மேஜைக்கு அடியில் என் விரல்கள் அதற்குச் சுரம் தேடுகின்றன, நிறுத்தினாலும் நிற்பதில்லை.

நீங்கள் கொண்டுவந்திருக்கும் அந்தத் தாளில் இருப்பது என் கையெழுத்துதான். இடது கையால் வாசித்துக்கொண்டே வலது கையால் வரிகளை எழுதிக்கொள்வது என் பழக்கம், இல்லாவிட்டால் மறந்துவிடும். "கதவத் தொறண்ணா, இன்ஹேலர் வெளிய இருக்கு." பக்கத்தில் 'பல்லவி, நான்கு முறை' என்று குறித்திருப்பதும் நான்தான்.