புளித்த கள்ளில் பேசிய வானொலி

என் பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே மணி பார்க்கும் தலைவர் தில்லைநாதன் மாஸ்டர் அவர்களே! அனலைதீவின் அறிவார்ந்த பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அருமைத் தாய்மாரே! அலைகடல் அளக்கும் அண்ணன் தம்பிமாரே! கதிர்காமு கைகூப்புகிறேன்.

இன்று நம் வாசிகசாலை அன்னபூரணம் ரீச்சருக்குச் சால்வை போர்த்துகிறது. ஏன் போர்த்துகிறது?

எழுபத்துமூன்றாம் ஆண்டு ஐப்பசியில் வாசிகசாலை வானொலி ஊமையானது. ஒலிபெருக்கியின் கடதாசியைக் கரப்பான் தின்றுவிட்டது. யாழ்ப்பாணம் முழுக்கத் தேடியும் பற்றரி இல்லை; இறக்குமதி இல்லையாம்! கடலோடும் நமக்குக் காற்றின் செய்தியை இனி யார் சொல்வது? காகமா? கருவாடா?

விஞ்ஞானம் படிப்பிக்கும் ரீச்சர் சொன்னார்: “கடையில இல்லாட்டி என்ன? கடலில இருக்கு, பனையில இருக்கு.”

மீனின் காற்றுப்பையை உலர்த்தி, மெல்லிய தோலாக்கி, கடதாசி இருந்த இடத்தில் வேப்பம் பிசினால் ஒட்டினார். எட்டுத் தேங்காய்ச் சிரட்டைகளில் புளித்த கள்ளை ஊற்றினார். ஒவ்வொன்றிலும் செப்புத் தகடும் துத்தநாகத் தகடும் நிறுத்திக் கம்பியால் தொடுத்தார். கள்ளிலிருந்து தள்ளாட்டம் பிறந்ததைக் கண்டிருக்கிறோம்; மின்னோட்டம் பிறந்ததைக் கண்டோமா?

என்ன சின்னாச்சி அக்கா? மணந்ததோ? ஓம், மணந்தது! மூன்று வீடு தாண்டியும் மணந்தது!

சோதனை நாள் வந்தது. காலைச் செய்தி நேரம். ஊரே மூச்சடக்கி நிற்க, கொசுக் குரலில் வானொலி பேசியது: “வடகடலில் இன்று மாலை பலத்த…”

அவ்வளவுதான். அடங்கிவிட்டது!

பலத்த என்ன? பலத்த எது? வள்ளங்கள் பாய் விரித்து நின்றன. என் மருமகன் பாலசிங்கம் துள்ளினான்: “பலத்த மீன்பாடு எண்டுதான் சொல்லியிருப்பான். வாங்கோ மாமா, போவம்!”

ரீச்சர் குனிந்து பார்த்தார். ஆறாவது சிரட்டை வெறுமை!

“ஆர் இதைக் குடிச்சது?”

யார் குடித்தது? எவன் குடித்தது? கூசாமல் சொல்கிறேன், எல்லார் கண்ணும் வானொலியில் இருந்த நேரம் பார்த்துக் குடித்தவன், உங்கள் முன் நிற்கும் இந்த உத்தமன்தான்!

“தொண்டை காஞ்சுபோச்சு, ரீச்சர்…”

“அண்ணை, நீங்கள் குடிச்சது கள்ளில்லை. அரைவாசிச் செய்தி!”

வேறு கள் கைவசமில்லை. என் மனைவி யோகாம்பாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். குசினிக்கு ஓடி, மீன்குழம்புக்குக் கரைத்த பழப்புளியோடு வந்தாள். “இதை ஊத்துங்கோ, ரீச்சர். இண்டைக்கு இவருக்குக் குழம்பில்லை.”

ஊற்றினார். வானொலி உயிர்த்தது. செய்தி முடிவில் அறிவிப்பாளர் திரும்பச் சொன்னார்: “பலத்த சூறைக்காற்று. மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.”

பாலசிங்கம் பாயைச் சுருட்டினான். மாலையில் கடல் மலையாக எழுந்தது. பதினொரு வள்ளங்களும் கரையில்! முப்பத்திரண்டு பேரும் கரையில்! தகடு ஊறிய கள்ளைக் குடித்த நான் வயிற்றைப் பிடித்தபடி மூன்று நாள் கிடந்தேன். ஆனால் ஐயா, கரையில் கிடந்தேன்!

இல்லை என்று கைவிரித்தது கடை. இருக்கிறது என்று கைநீட்டியது கல்வி! முப்பத்திரண்டு வீடுகளில் அன்றிரவு விளக்கெரிந்ததே, அந்த வெளிச்சத்துக்கு இந்தச் சால்வை ஈடாகுமா? ஆகாது! ஆயினும் அன்போடு போர்த்துவோம். ரீச்சர், எழுந்து வாருங்கள்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், இன்றுவரை என்னைப் பொறுத்திருக்கும் யோகாம்பாளுக்கும் நன்றி. வணக்கம்!