காலி வட்டம்

— எனக்குச் சரியா ஞாபகம் இருக்கான்னு எனக்கே சந்தேகமா இருக்கு, டெல்மிரா. காசு ஆல்பம் நிறைஞ்ச அன்னைக்கே மக வீட்டுக்குக் கிளம்பலாம்னு சொன்னேனா, நிறைஞ்சப்புறம் யோசிக்கலாம்னு சொன்னேனா...

— நிறைஞ்ச அன்னைக்கே மூட்டை கட்டலாம்னு சொன்ன, கிழவா. ஞாயித்துக்கிழமை. ரவியோலி தின்னுக்கிட்டு இருந்தோம். தக்காளிச் சாறு உன் சட்டைக் காலர்ல. போன்ல நம்ம மக நொயெமி. நீ சொன்னதை அவளும் கேட்டா.

— காலர் ஞாபகம் இருக்கு.

— அது மட்டும் இருக்கும்.

— அம்மா, கோவிச்சுக்காதீங்க. பையைக் கண்ணாடி மேல வைக்காதீங்க. கீழ சிகரெட்டு அடுக்கியிருக்கேன். கடை என் பொண்டாட்டி பேர்ல இருக்கு. ஏதாச்சும் உடைஞ்சா எனக்கு ராத்திரி சோறு கிடையாது.

— பையை எடுத்துட்டேன், ஃபெர்மின். ஆல்பத்தை வைக்கலாமில்ல? அது ஒண்ணும் கனம் இல்ல, அட்டைதான். நல்லது. இப்ப நீ சாட்சி. இந்தக் கிழவன் உன்கிட்ட என்ன வாங்கினான்?

— என்னை இழுக்காதீங்க அம்மா. தீப்பெட்டி வாங்கினாரு.

— மிச்சம் என்ன குடுத்த?

— மிச்சமா! புவேனோஸ் ஐரெஸ்ல இப்ப எவன் மிச்சம் குடுக்கிறான்? பஸ் மெஷின் காசைத் தவிர எதையும் முழுங்க மாட்டேங்குது. ஊர் மொத்தமும் காசைப் பதுக்குது. ‘சில்லறை கிடையாது’ன்னு எழுதி ஒட்டியிருக்கேன் பாருங்க. எவன் கேட்டாலும் மிட்டாய்தான். நேத்து ஒரு பொம்பளை நான் குடுத்த மிட்டாயெல்லாம் சேத்துக் கொண்டாந்து கொட்டி, சோடா குடுங்கிறா. குடுத்தேன். வேற என்ன செய்ய?

— இவனுக்கு என்ன குடுத்தன்னு கேட்டேன்.

— ரெண்டு மிட்டாய். அப்புறம்... ஒரு காசு.

— கையைத் திற, கிழவா.

— மிட்டாய்தான் இருக்கு.

— இலாரியோ, கையைத் திற.

— தாடிக்காரர்தான். போதுமா?

— தளபதி குயெமெஸ் முகம் போட்ட ஐம்பது சென்டாவோ. அதேதான். என் வாயால சொல்லிட்டேன் அம்மா, சாட்சி முடிஞ்சுதுன்னு வெச்சுக்கங்க. எனக்கு ஆள் வருது.

— ஆள் எவனும் வரல. இரு. கிழவா, ஆல்பம் இதோ இருக்கு. அந்தக் கடைசி வட்டத்துல வெச்சிரு.

— அழுக்கா இருக்கு. வீட்டுல போய்ச் சோப்புத் தண்ணியில போட்டு...

— காசைக் கழுவினா மதிப்பு போயிரும்னு எனக்குச் சொன்னதே நீதான். நான் அன்னைக்கு ஒண்ணைத் தேய்ச்சு வெச்சதுக்கு மூணு நாள் பேசாம இருந்த.

— எப்பவும் பேசாமத்தான இருக்கேன்.

— அது வேற பேசாம. இது வேற பேசாம. எனக்கு வித்தியாசம் தெரியும்.

— தலைவரே, இந்த ஆல்பத்தை நான் இப்பத்தான் கிட்டத்துல பாக்குறேன். எல்லாம் இந்த ஊர்க் காசா?

— எல்லாம் கைக்கு வந்த காசு, ஃபெர்மின். ஒண்ணுகூட விலை குடுத்து வாங்கல. ஞாயித்துக்கிழமை பூங்காவுல மேஜை போட்டு விக்கிறான் பாரு, அவன்கிட்ட போனா தாடிக்காரர் அஞ்சு நிமிஷத்துல கிடைப்பாரு. அப்படிச் சேத்தா அது சேக்குறது இல்ல. இது, இந்தச் சின்னது, மாடு அறுக்கிற தொட்டியில நான் கடைசிச் சம்பளம் வாங்கினப்ப கவர் மூலையில ஒட்டிக்கிட்டு வந்தது. இது நொயெமி கல்யாணத்துல கார் டிரைவர் குடுத்த மிச்சம். இது பேங்க் கதவைச் சாத்துன வருஷம்.

— அந்த வருஷம் வீட்டுல இருந்த ரொக்கமே இந்த அட்டையில இருந்ததுதான், ஃபெர்மின். ரெண்டு நாள் வெறும் மாத்தே இலைத் தண்ணியைக் குடிச்சுக்கிட்டு இருந்தோம். அப்பக்கூட இதுலேருந்து எடுன்னு நான் சொல்லல.

— சொல்லல. அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

— அப்ப வை.

— இங்க வெளிச்சம் பத்தல. அப்புறமா...

— சரி, நானே சொல்லிடறேன். காசைத் திருப்பு. தாடிக்குக் கீழ ஒரு கீறல் இருக்கா?

— இருக்கு.

— ஊசியால நான் போட்டது. மார்ச்ல பூங்கா மேஜைக்காரன்கிட்ட இருபது பெசோ குடுத்து வாங்கினேன். இதோ, இவன்கிட்ட குடுத்து, ‘கிழவன் வந்தா மிச்சத்தோட குடு’ன்னு சொன்னேன்.

— என்னை இழுக்காதீங்கன்னு எத்தனை தடவை...

— அன்னைக்கு நீ வீட்டுக்கு வந்த. ஒண்ணும் சொல்லல. ஆல்பத்தைத் திறக்கவே இல்ல. நான் அடுப்படியில பாத்திரத்தைத் தேய்க்கிற மாதிரியே நின்னுக்கிட்டு இருந்தேன். இப்பக் கூப்பிடுவான், இப்பக் கூப்பிடுவான்னு. மறுநாள் ஃபெர்மின் என்கிட்ட சொல்றான், ‘அம்மா, உங்க வீட்டுக்காரர் அதே காசைக் குடுத்து சிகரெட்டு வாங்கிட்டுப் போனாரு’ன்னு.

— தலைவரே, நான் நடுவுல நின்னதுதான். அம்மா குடுத்தாங்க, உங்ககிட்ட குடுத்தேன். நீங்க குடுத்தீங்க, அம்மாகிட்ட குடுத்தேன். மே மாசம் குளிர் தொடங்குனப்ப ஒரு தடவை, அந்தோனியார் திருநாளுக்கு ஒரு தடவை, போன வாரம் ஒரு தடவை. ஊரே காசு இல்லாம அலையுது, இந்த ஒரு காசு மட்டும் என் பெட்டிக்குள்ள வந்து வந்து போகுது. எனக்கே பாவமா இருந்துச்சு, காசைப் பாத்து.

— ஏதாச்சும் சொல்லு, கிழவா. இந்த மாதிரி நின்னா நான் என்ன நினைக்கிறது? வர விருப்பம் இல்லைன்னு வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமில்ல?

— வர விருப்பமான்னு நீ கேட்கல. ஆல்பம் எப்ப நிறையும்னு கேட்ட.

— சரி. இப்பக் கேக்குறேன்.

— நொயெமி வீட்டுல நான் என்ன செய்வேன்?

— அவ என்ன செய்யறான்னு முதல்ல கேளு. நெயுகென் எங்க இருக்கு, தெற்கே, காத்து அடிச்சா கதவு நிக்காத ஊரு. புருஷன் விட்டுட்டுப் போயிட்டான். ஒத்தையா நின்னு சாப்பாட்டுக் கடை நடத்துறா. வெங்காயம் உரிக்கிறதுலேருந்து மேஜை துடைக்கிற வரைக்கும் அவதான். போன்ல ‘நல்லா இருக்கேன் அம்மா’ங்கிறா. அந்தக் குரல் நூல் மாதிரி ஆயிருச்சு. நீ போனை வாங்கினா ‘ம்’ங்கிற, ‘ம்’ங்கிற, என்கிட்ட குடுத்துடற.

— அதுல்ல. ‘அப்பா, நீங்க உக்காருங்க’ம்பா. உக்காருவேன். அங்க உக்காரத்தான முடியும்.

— இங்க மட்டும் என்ன, ஓடுறியா?

— இங்க தேடிக்கிட்டு உக்காந்திருக்கேன். தீப்பெட்டி வாங்கினாலும் கையைத் திறந்து பாக்குறேன். முடி வெட்டிக்கிட்டாலும் பாக்குறேன். அந்த ஒரு வட்டம் காலியா இருக்கிற வரைக்கும் காலையில செருப்பு மாட்டுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. நாலு தடவை தாடிக்காரரைக் கையில வெச்சுக்கிட்டு வீடு வரைக்கும் நடந்திருக்கேன், கிழவி. வாசல்ல நின்னு, இதை வெச்சுட்டா அப்புறம் என்னன்னு நினைப்பேன். அவ்வளவுதான்.

— அவ்வளவையும் மார்ச்லயே சொல்லியிருந்தா இருபது பெசோ மிச்சமாயிருக்கும்.

— அம்மா, பஸ் அந்த முனையில திரும்புது. நீங்க ரெத்திரோ பஸ் நிலையம் போகணும்னு சொன்னீங்களே.

— போகணும். நெயுகெனுக்கு டிக்கெட் எடுக்கத்தான் கிளம்பியிருக்கேன். கேட்டுக்க, கிழவா, சண்டை போடல. நான் போறது முடிவு. அவ என் மக. ஒரு டிக்கெட்டா ரெண்டாங்கிறதை மட்டும் நீ சொல்லு.

— சிவப்பு விளக்குல நிக்குது, தலைவரே. நேரம் இருக்கு.

— அட்டையைக் கொஞ்சம் பிடி, ஃபெர்மின். ஆடாம.

— பிடிச்சிருக்கேன். வலது பக்கம் கொஞ்சம்... கட்டை விரலால அமுக்குங்க. ஆங். உக்காந்துருச்சு! சத்தம் கேட்டுச்சா அம்மா? டப்புன்னு.

— கேட்டுச்சு.

— வெளிச்சத்துல காட்டுங்க தலைவரே. அடேங்கப்பா. ஒரு இடம்கூடப் பாக்கி இல்ல.

— எப்பவும் அந்த வட்டம் வழியா மேஜைத் துணியோட கட்டம் தெரியும். இப்பத் தெரியல.

— எப்படி இருக்கு, கிழவா?

— தொட்டியில கடைசி மாடு போனப்புறம் தரைக்குத் தண்ணி அடிச்சு விடுவோம். ரத்தமெல்லாம் போய், தரை ஈரமா, சுத்தமா இருக்கும். கொஞ்ச நேரம் யாரும் மிதிக்க மாட்டோம். சும்மா நின்னு பாத்துக்கிட்டு இருப்போம். அந்த மாதிரி இருக்கு. இவ்வளவு நல்லா இருக்கும்னு நான் நினைக்கல, கிழவி.

— நிஜமாவா?

— நிஜமா. நாலு தடவை இதை வேண்டாம்னு விட்டிருக்கேன் பாரு, மடையன்.

— அப்ப எத்தனை டிக்கெட்?

— ரெண்டு. ஜன்னல் பக்கம் ஒண்ணு எடு.

— ஜன்னல் எனக்கு. ஐயோ, இரு. காசு! மெஷினுக்குக் காசு பத்தல. ஐம்பது குறையுது.

— குறையுதா? அம்மா, காலையில நான்தான...

— நீ சும்மா இரு, ஃபெர்மின். என்னை இழுக்காதீங்கன்னு சொல்லிக்கிட்டே எல்லாத்துலயும் நீயா வந்து விழற. உன் பெட்டியில இருக்கா?

— இல்ல. சத்தியமா இல்ல. மிட்டாய்தான் இருக்கு.

— டிரைவர் மிட்டாய் வாங்க மாட்டான். கிழவா, உன்கிட்ட?

— இதுல இருக்கிறதுதான்.

— அப்ப இதுலேருந்துதான் எடுக்கணும். என்ன பண்றது. கல்யாணத்துக் காசைத் தொடாத. அந்த ஓரத்துல இருக்கிறது ஐம்பதுதான? அது எங்கேயும் கிடைக்கும்.

— அதை எடுக்க வேண்டாம்.

— பின்ன எதை?

— அட்டையைப் பிடி, ஃபெர்மின். நகம் உள்ள போக மாட்டேங்குது.

— தலைவரே! அது தாடிக்காரர். இப்பத்தான் வெச்சீங்க!

— தெரியும். இந்தா, கிழவி. பஸ் வந்துருச்சு. ஓடு.

— நல்லா யோசிச்சுக் குடுக்கிறியா? மெஷினுக்குள்ள போனா போனதுதான்.

— ஓடுங்கிறேன். படியில கையைப் பிடிச்சு ஏறு. ரெண்டு டிக்கெட், மறந்துடாத.

— மறக்க மாட்டேன். முதுகுல தள்ளாத, ஏறிட்டேன், ஏறிட்டேன். வீட்டுக்குப் போய் அடுப்புல தண்ணி வை!

— போயிருச்சு பஸ். தலைவரே, நான் சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது. என்னை இழுக்காதீங்கன்னு சொல்ற ஆள்தான் நான். ஆனா மனசு கேக்கல.

— சொல்லு.

— அம்மாகிட்ட காசு இருக்கு. காலையில நானே எண்ணிக் குடுத்தேன், போக வர முழுசா. எதுவும் குறையாது.

— தெரியும். குறையுற பை அந்த மாதிரி குலுங்காது. ஒரு வட்டம் காலியாகட்டும்னுதான் கேட்டா.

— தெரிஞ்சுமா குடுத்தீங்க? நெயுகென் போய் அந்த ஒண்ணுக்காக மறுபடி கடை கடையா அலையணுமே!

— நொயெமி கடைக்குப் பக்கத்துல பஸ் நிக்கிற இடம் இருக்காம், ஃபெர்மின். அங்கேயும் உன்னை மாதிரி ஒருத்தன் கடை வெச்சிருப்பான்.