மறுபதிப்புக்கு நான்கு வரி

இசைத்தட்டின் உறைக்குள் வைக்கும் சிறு புத்தகத்தை யாரும் முழுதாகப் படிப்பதில்லை என்று முதல் சந்திப்பிலேயே சொன்னீர்கள். படத்தைப் பார்ப்பார்கள், பாட்டுகளின் வரிசையைப் பார்ப்பார்கள், மூடி வைத்துவிடுவார்கள். அப்போது அது எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

என் தம்பி வீட்டில் பாடிய பாட்டுகளை, அவன் இறந்து பல ஆண்டுகள் கழித்து வெளியிட உங்கள் நிறுவனம் முன்வந்தது. பதிவு செய்தவன் நான் என்பதால் பின்னணிக் குறிப்பை எழுதும் வேலையும் என்னிடமே வந்தது. நான் கொண்டுவந்த காகிதக் கட்டைக் கையில் எடை பார்த்தீர்கள். அது எங்கள் அப்பாவின் தையல் மிஷினில் தொடங்கியது.

"சார், மிஷின்லேர்ந்து ஆரம்பிச்சா பாட்டுக்கு எப்ப வர்றது? ரெண்டு பக்கம் தர்றேன். அதுக்குள்ள உங்க தம்பி பொறந்து, பாடி, செத்தாகணும்" என்றீர்கள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டீர்கள். நான் சிரித்தேன். உண்மையிலேயே சிரிப்பு வந்தது.

வெட்டக் கற்றுக்கொண்டேன். தையல் மிஷின் போயிற்று. அப்பா அரை வரியானார். அம்மா ஒரு சொல்லாகச் சுருங்கினாள். வெட்ட வெட்ட எழுத்து தெளிந்தது; அதை நீங்களும் பாராட்டினீர்கள். கடைசியாக அவன் இறந்த மாலை மிச்சம் இருந்தது. முதலில் நான் எழுதியது இப்படி: "அன்று மாலை மூச்சிரைப்பு அதிகமாகவே, மனைவி மருந்து வாங்கக் கடைக்குப் போனாள். அண்ணன் உடன் இருந்தான்." அச்சில் வந்தது: "அன்று மாலை மனைவி வீட்டில் இல்லை."

புத்தகத்தை முழுதாகப் படிக்காதவர்கள்கூட அந்த ஒரு வரியைப் படித்தார்கள். முதலில் ஒரு விமர்சகர், இவ்வளவு பெரிய கலைஞன் தனியாகக் கிடந்து மூச்சுத் திணறிச் செத்தான் என்று எழுதினார். 'தனியாக' என்ற சொல் என்னுடையது அல்ல. அதன் பிறகு ஆளாளுக்குச் சேர்த்துக்கொண்டார்கள். தம்பியின் மனைவி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துத்தான் பிழைத்துவந்தாள். பிள்ளைகள் வருவது குறைந்து, பிறகு நின்றது. காய்கறிக் கடையில் ஒருத்தி, தக்காளியைப் பொறுக்கிக்கொண்டே, "அன்னைக்கு அப்படி எங்கதான் போயிருந்தீங்க?" என்று கேட்டாளாம். இவள் காயை வாங்காமலே திரும்பிவிட்டாள்.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். தம்பி வீட்டுப் பின்னறையில் ஜன்னலுக்குப் போர்வை கட்டி, அங்கேதான் பதிவு செய்வோம். இனிப் பாடவே கூடாது என்று மருத்துவர் அந்த வாரம் சொல்லியிருந்தார். மருந்து தீர்ந்துவிட்டது என்று அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று சொன்னாள்: "மாமா, கொஞ்சம் பாத்துக்கோங்க. பாட மட்டும் விட்டுடாதீங்க. உங்களைக் கண்டாலே அவருக்குத் தொண்டை அரிக்கும்."

"போயிட்டு வாம்மா, நான் இருக்கேன்ல" என்றேன்.

அவள் தெருமுனை திரும்புவதற்குள் நான் ஒலிநாடாவை மாட்டிவிட்டேன். கட்டாயப்படுத்தவில்லை. "ஒண்ணே ஒண்ணு பாடிடேன்டா" என்றேன். "அவ வந்தா உன்னையும் சேர்த்துத் துரத்துவா அண்ணா" என்று சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தான்.

ஹெட்ஃபோனில் குரலைவிட மூச்சு பெரிதாகக் கேட்கும். அந்த மூச்சு எப்படிப் போய்க்கொண்டிருந்தது என்பது எனக்கு நன்றாகவே தெரிந்தது. மூன்றாம் சரணத்தில் அவன் கையைத் தூக்கினான். நிறுத்தச் சொல்லும் கை. நான் விரலைச் சுழற்றி, மேலே போ என்று காட்டினேன். அதுவரை அவன் அப்படிப் பாடியதில்லை. நிறுத்தினால் அந்தக் குரல் யாருக்கும் இல்லாமல் போய்விடும் என்று நினைத்தேன். சின்ன வயதிலிருந்து என் கையைப் பார்த்துப் பாடிப் பழகியவன், முடித்துவிட்டுத்தான் சாய்ந்தான். நாடா ஓடி முடிந்ததும் எழுந்து போய்ப் பார்த்தேன்; மூச்சு நின்றிருந்தது. உங்கள் இசைத்தட்டின் கடைசிப் பாட்டு அதுதான். மூச்சையே இசையாக்கியவன் என்று எல்லோரும் புகழும் பாட்டு.

அவள் மருந்தோடு வந்தபோது நாடாவை எடுத்து வைத்திருந்தேன். "பாடினாரா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

இசைத்தட்டு வெளிவந்த பிறகு ஒரு பகலில் என் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

"மாமா, கடைசிப் பாட்டு என்னைக்குப் பாடினது?"

"பழசும்மா."

"அவருக்குக் குரல் கட்டினது அந்த வாரந்தான். இதுல கட்டியிருக்கு."

அவள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. "நான் மருந்து வாங்கப் போனேன்னு ஒரு வரி போட்டிருக்கலாமே" என்றாள்.

"ரெண்டே பக்கந்தாம்மா கொடுத்தாங்க. இடமில்லை."

"நான் வெளிய சொன்னா யாரு நம்புவா? எழுதினது நீங்க, பொழைச்சுக் கிடக்கிற ஒரே சாட்சியும் நீங்க."

இடத்தைப் பற்றி உங்களுக்கே தெரியும். அச்சுக்குப் போகும் முன் தொலைபேசியில் கூப்பிட்டு, "சார், கடைசிப் பக்கம் முழுக்கக் காலியா இருக்கு, ஏதாவது சேக்கணுமா?" என்று கேட்டீர்கள். வெள்ளையாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்றேன்.

அதன் பிறகும் நான் அவளைப் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பழம், ரொட்டி, என்ன வேண்டுமோ வாங்கிப் போவேன். கதவைத் திறப்பாள், பேச மாட்டாள். ஒருநாள் டம்ளர் தேடிச் சமையலறை அலமாரியைத் திறந்தேன். அவளுடைய ரத்த அழுத்த மாத்திரைகள் பிரிக்காத அட்டைகளாக அடுக்கியிருந்தன. வாங்கி, தொடாமலே வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று புரிந்தது. அவளிடம் கேட்கவில்லை. மருத்துவரிடமும் சொல்லவில்லை. அலமாரியைச் சாத்திவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் வந்துவிட்டேன். அவள் தேறிவிட்டால் ஒருநாள் அந்த மாலையைப் பற்றி வெளியே பேசுவாள் என்ற எண்ணம் எனக்குள் ஓடியிருக்கலாம். ஓடியது. மழைக்காலம் முடிவதற்குள் அவளுக்கு மூளையில் ரத்தக் குழாய் வெடித்தது. கொள்ளி வைத்தவன் நான்தான்.

இப்போது மறுபதிப்பு வருகிறது, பாடகரின் மனைவியைப் பற்றியும் நான்கு வரி எழுதித் தாருங்கள், உங்களைத் தவிர யாருக்குத் தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். கீழே இருக்கிறது. அதற்கு மேலே உள்ளதெல்லாம் பின்னணி. எவ்வளவு வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும், வெட்டிவிடுங்கள்.

"பாடகரின் மனைவியும் சென்ற ஆண்டு காலமானார். கணவரை இழந்த மாலையிலிருந்து அவர் மீளவே இல்லை. இந்தப் பாட்டுகள் உலகத்தின் காதில் விழுந்ததைக் கேட்டுவிட்டே கண்மூடினார். ஊரே கைவிட்ட நாட்களில், கடைசிவரை அவருக்குத் துணை நின்றவர் பாடகரின் அண்ணன் ஒருவர் மட்டுமே."