கருமாதிக்குப் பதிந்த குரல்

இரவு எட்டு மணி. மலையில் திரிங்காப் ஊரைத் தாண்டித் தேயிலை எஸ்டேட்டுக்கு ஏறும் சாலை. மூடுபனி. விமலனின் காரைத் தவிர வேறு வெளிச்சமில்லை...

விமலன் நம் நண்பன் அகிலனின் சித்தப்பா. அகிலன் இல்லாதபோதுதான் இதைச் சொல்ல முடியும். மலைக்குக் கீழே ஈப்போ நகரில் கல்யாண வீடியோ எடுப்பவர். அவருடைய அக்கா அம்சவல்லி இறந்து பதினைந்து நாள். கொழுந்து பறித்து அவரைப் படிக்க வைத்தவள். மறுநாள் கருமாதி. ஹாலில் போட, அவளைப் பற்றிப் பேசிப் பதிய வேண்டும்.

அக்காவின் லயத்து வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுக் குமுதா தந்தாள்.

“நல்லவேளை தம்பி, ஈப்போ ஆஸ்பத்திரியில நீங்க கூடவே இருந்தீங்க. நாங்க மலையிலேர்ந்து எங்க இறங்குறது லா?”

விமலன் தலையாட்டினார்.

அக்கா அங்கே மூன்று வாரம் கிடந்தாள். ஒருநாள்கூட அவர் போகவில்லை. அவர் வீட்டிலிருந்து பத்து நிமிடம்.

இடம் வலமாக இரண்டு மைக் உள்ள ரெக்கார்டரை மேசையில் வைத்தார். “கடைசி வரைக்கும் அக்கா கையப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன்...”

ஹெட்போனில் போட்டுக் கேட்டார். வலது பக்கம் தெளிவு. இடது பக்கம் கம்மியிருந்தது... போர்வைக்குள் பேசுவதுபோல.

ஹெட்போனை மாற்றினார். அதே கம்மல். மைக்கைத் துடைத்தார். அதே கம்மல். கடைசியில் ரெக்கார்டரைக் குப்புறக் கவிழ்த்துவைத்துப் பதிந்தார். இப்போது இடது மைக் வலப்புறம். பழுது மைக்கில் என்றால், இடதுதானே கம்ம வேண்டும்?

வலது கம்மியது.

மைக்கில் பழுதில்லை. மேசைக்கு இடப்புறம், சன்னல் பக்கம், ஏதோ மறைக்கிறது. ஓர் ஆள் குனிந்து, மைக்கோடு காதை ஒட்டிக் கேட்டால் அப்படித்தான் மறைக்கும்.

அங்கே கை நீட்டினார். ஒன்றுமில்லை. குளிர்... அக்கா தேய்க்கும் கோடாலித் தைல வாசனை.

மறுபடி பதிவை அழுத்தி, “நான் வரலக்கா,” என்றார், மெல்ல.

ஒலியளவு மீட்டரில் இரண்டு பட்டைகளும் சமமாக எழுந்தன.

பிறகு அந்த ஒரு வரியை அழித்தார். முதலில் பேசியதையே எடுத்து, இடது ஒலியை மட்டும் நிறையக் கூட்டி, ஹாலுக்குக் கொடுத்தார்.

மறுநாள் ஹால் நிறைய ஜனம். “கடைசி வரைக்கும்...” வலது ஸ்பீக்கரில் அவர் குரல். இடதில் போன் மணி. எல்லோரும் அவரவர் பையைத் தடவினார்கள். மணி நின்றது. அதே ஸ்பீக்கரில் யாரிடமோ அம்சவல்லி சொன்னாள்:

“எடுக்கல நர்ஸ்... வேலையா இருப்பான் லா. இன்னொரு வாட்டி அடிச்சுப் பாக்குறேன்.”

ஒருவரும் விமலனைத் திரும்பிப் பார்க்கவில்லை. குமுதா மட்டும் எழுந்துபோய் இடது ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினாள். வயர் அவள் கையில் தொங்கியது.

வயரில்லாத அந்த ஸ்பீக்கரில் மறுபடி மணி அடித்தது.